இரு மனதாகும் மர்ம நாவல்: கிறிஸ்தவ வரலாற்றுக் கதைகளை வாசிக்கும் முறை

மடத்தில் ஒரு சடலம், துப்புத் துலக்க ஒரு துறவி, கடைசியில் ஒரு மனந்திரும்புதல். இந்த வகை நாவலை முடித்துவிட்டு "நல்லாத்தான் இரிக்கு, ஆனா..." என்று இழுப்பவர்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நிறையப் பேர். அந்த "ஆனா" எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே பலர் புத்தகத்தை நல்லது, கூடாது என்று தீர்த்துவிடுகிறார்கள். பிரித்துப் பார்க்க ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.

கொப்பியில் ஒரு பக்கத்தை நெடுக்காக மூன்றாகக் கோடிடுங்கள். தலைப்புகள்: வழக்கு, காலம், விசுவாசம். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் உறுத்தியதையோ பிடித்ததையோ உரிய பத்தியில் ஒரு வரியில், பக்க எண்ணோடு எழுதுங்கள். அத்தியாயத்துக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். கூடினால் வாசிப்பு நின்றுவிடும். முழுக்க முடித்துவிட்டு எழுதலாம் என்று விடுவதுதான் வழமையான பிழை. முடிவு தந்த உணர்ச்சி முன்பு வந்த சந்தேகங்களையெல்லாம் மூடிவிடும். பாதிப் புத்தகத்தில் ஒருமுறை நிறுத்தி, குற்றவாளி யார் என்று நினைக்கிறீர்கள், எந்தப் பக்கத்துச் சாட்சியால் நினைக்கிறீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.

காலம் என்ற பத்தியில்தான் அவசரப்பட்டுக் குற்றம் பிடிப்பது அதிகம். 12ஆம் நூற்றாண்டுத் துறவி "ஆண்டவர் என் மேய்ப்பர்" என்பதை 22ஆம் சங்கீதம் என்று சொன்னால் ஆசிரியர் பிழைவிட்டார் என்று எழுதாதீர்கள். லத்தீன் வேதாகமத்தின் எண்வரிசை அது. நம் கையிலுள்ளதில் அது 23. "கடவுளே, எனக்கு இரங்கும்" என்பது அவருக்கு 50, நமக்கு 51. அதே துறவி அதிகாரமும் வசன எண்ணும் சேர்த்துச் சொன்னால் அது உண்மையான பிழை. இன்று வழங்கும் அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் அச்சேறியவை. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் குட்டன்பேர்க்கின் அச்சு வருமுன் ஏழைக் குடியானவன் வீட்டில் முழு வேதாகமம் இருந்தாலும் சந்தேகப்படலாம்.

தேதிகள் இன்னும் சிக்கலானவை. 1600 மார்ச் 20 என்று பாரிசில் எழுதிய கடிதம் லண்டனில் 1599 மார்ச் 15இல் கிடைத்ததாகக் கதையில் வரலாம். அச்சுப் பிழையோ, துப்போ என்று தடுமாற வேண்டாம். கடிதம் ஐந்து நாள்தான் பயணம் செய்திருக்கிறது. பிரான்ஸ் 1582இல் புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை, 1600இல் இரண்டுக்கும் இடைவெளி 10 நாள். அதோடு இங்கிலாந்தில் ஆண்டு அன்று மார்ச் 25இல்தான் பிறந்தது.

நைசியா சங்கம் (திருச்சபை ஆயர்களின் பேரவை) கூடி வேதாகமத்தில் எந்த நூல்களைச் சேர்ப்பது என்று தீர்மானித்தது என எந்தப் பாத்திரமாவது விளக்கினால், பக்க எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். 325இல் அங்கே முக்கியமாக விவாதித்தது கிறிஸ்துவின் இறைத்தன்மையையும் பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) நாளையும். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே அடங்கிய பட்டியல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸின் 367ஆம் ஆண்டுக் கடிதத்தில் இருக்கிறது.

மிஷனரிமார் காலத்துக் கதை என்றால் நம்மூர்க் கணக்கே நல்ல அளவுகோல். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த (ஒரு புரட்டஸ்தாந்து சபை) மிஷனரி வில்லியம் ஓல்ட் 1815 ஏப்ரல் 1இல் இறந்துபோனார். ஏறத்தாழ எட்டு மாதம். கப்பலால் இறங்கிய மூன்றாம் வாரமே ஊர் மொழியில் சரளமாகக் கதைத்து, காய்ச்சலே காணாமல் கொலைகாரனையும் பிடிக்கும் நாயகனை அந்த எட்டு மாதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வழக்குப் பத்தியில் முதலில் பார்க்க வேண்டியது, விடை எப்படிக் கிடைத்தது என்பது. 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதிய ரொனால்ட் நொக்ஸ் ஒரு கத்தோலிக்கக் குரு. இயற்கைக்கு மேற்பட்ட சக்தியை அவரே விலக்கிவைத்தார். தற்செயல் உதவியும் கூடாது என்றார். நாயகன் ஜெபித்து எழும்பியதும் கொலையாளியின் பெயர் மனதில் உதித்தால், விசுவாசிக்கு அந்த இடம் இனிக்கலாம். வழக்கு அங்கே உடைந்துவிட்டது. இனிப்பை விசுவாசப் பத்தியிலும் உடைவை வழக்குப் பத்தியிலும் எழுதுங்கள். ஒன்றுக்காக மற்றதை அழிக்கத் தேவையில்லை. குற்றவாளி அழுது மனந்திரும்பும் காட்சியையும் அப்படியே நடத்துங்கள்: அந்த வாக்குமூலத்தை நீக்கினாலும் அவன்தான் என்று காட்டச் சாட்சி மிஞ்சுகிறதா?

பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவதில்) கேட்டதைச் சொல்லாமல் மௌனம் காக்கும் குருவைப் பார்த்து மெதடிஸ்த வாசகர்கள் பொறுமை இழப்பதுண்டு. 1215இல் கூடிய லாத்தரன் சங்கம் என்ற கத்தோலிக்கப் பேரவை, அதை வெளியிடும் குருவைப் பதவி நீக்கி, ஆயுள் முழுதும் கடுமையான மடமொன்றில் அடைக்கச் சொன்னது. ஆகவே அந்த மௌனம் கதையின் ஓட்டை அல்ல. அவர் கேட்டதை வைத்துத் தந்திரமாகத் துப்புக் கொடுத்தால்தான் ஓட்டை.

விசுவாசப் பத்தியில் நாங்கள் அதிகம் வற்புறுத்துவது ஒரு கேள்வியை: கெட்டவராக வருபவர் யார்? சில நாவல்களில் கத்தோலிக்கத் துறவி என்றாலே வஞ்சகர். சிலவற்றில் புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தக்காரர் என்றாலே வெறியர். சோனகரும் (முஸ்லிம்களும்) கோயில் பூசகரும் சந்தேகத்துக்கென்றே வந்துபோவார்கள். காத்தான்குடி முஸ்லிம் நண்பரும் புளியந்தீவுக் கிறிஸ்தவ நண்பரும் ஒரே புத்தகத்தை வாசிக்கும் ஊரில் இதைப் பேசாமல் தாண்ட முடியாது. அந்தப் பாத்திரத்தின் சமயத்தை மாற்றிப்போட்டு, சாட்சி இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் ஆசிரியர் சமயத்தையே சாட்சியாக்கியிருக்கிறார். அதை வழக்குப் பத்தியிலும் எழுதுங்கள், அது அங்கேயும் குற்றம்தான்.

மேற்கோளைத் தேடும்போது இரண்டு வேதாகமங்களை அருகில் வைத்திருங்கள். தோபித்து, மக்கபேயர், சீராக் எல்லாம் 73 நூல்கள் கொண்ட கத்தோலிக்கப் பதிப்பில் இருக்கும், 66 நூல் கொண்ட புரட்டஸ்தாந்துப் பதிப்பில் இராது. பழைய கத்தோலிக்க நூல்களின் அருளப்பர், இராயப்பர், சின்னப்பர் ஆகியோர்தான் மற்றவர்களின் யோவான், பேதுரு, பவுல்.

நாலைந்து பேர் சேர்ந்து கதைப்பதென்றால் ஒன்றரை மணித்தியாலம் போதும். வழக்கில் தொடங்கி, காலத்துக்குப் போய், விசுவாசத்தைக் கடைசியில் எடுங்கள். விசுவாசத்தில் தொடங்கினால் பேச்சு சபைக்குச் சபை வாதமாகிப் புத்தகம் மேசையிலேயே கிடக்கும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே புள்ளி போடாதீர்கள். இரவல் கொடுக்கும்போது மூன்று வரியை ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள், இப்படி: "வழக்கு 200ஆம் பக்கத்தில் தளர்கிறது. மடத்து வாழ்க்கை நம்பும்படி இருக்கிறது. மன்னிப்புக் காட்சிக்காகவே வாசிக்கலாம்."