குடிபோதை வழக்கில் மாட்டினால் லைசென்ஸைக் காப்பாற்றுவது எப்படி

போதையில் வண்டி ஓட்டியதாகப் பிடிபட்டவர்கள் முதலில் பயப்படுவது 10,000 ரூபாய் அபராதத்துக்குத்தான். அதைக் கட்டிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைக்கிறார்கள். பலருக்கு லைசென்ஸ் கைநழுவுவதே அந்த அவசரத்தில்தான்.

தமிழ்நாட்டில், மோட்டார் வாகனச் சட்டப்படி, இந்த ஒரே சம்பவத்துக்காக உங்கள் ஓட்டுநர் உரிமத்தின் மேல் இரண்டு பேர் கை வைக்கலாம். ஒருவர் ஆர்.டி.ஓ., மற்றவர் மாஜிஸ்திரேட். இருவரின் அதிகாரமும் வேறு, கால அளவும் வேறு. ஒருவரிடம் முடிந்த விஷயம் இன்னொருவரிடம் முடிந்ததாகாது. லைசென்ஸை 'கேன்சல் பண்ணிவிடுவேன்' என்று ரோட்டில் நிற்கும் போலீஸ்காரர் சொல்லலாம். அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. பறிமுதல் செய்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப மட்டுமே முடியும்.

இங்கே சொல்வது யாருக்கும் அடிபடாத, முதல் முறை வழக்குக்கு. விபத்தில் உயிரோ உடலோ பாதிக்கப்பட்டிருந்தால் அது முற்றிலும் வேறு வழக்கு. உடனே வக்கீலைப் பாருங்கள்.

ஊதச் சொல்லும்போது

சட்டம் அனுமதிக்கும் எல்லை, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதைத் தாண்டினால் 185-வது பிரிவு. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும்.

ஊத மறுக்காதீர்கள். தகுந்த காரணம் இல்லாமல் மறுத்தால், அந்த மறுப்பையே உங்களுக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ள 205-வது பிரிவு வழி விடுகிறது. ஊதுங்கள், ஆனால் கவனித்து ஊதுங்கள். ஊதுகுழல் புதிதா? உங்களுக்கு முன் ஊதியவரின் அளவு கருவியிலிருந்து நீங்கி, பூஜ்யம் காட்டுகிறதா? அச்சாகி வரும் சீட்டில் தேதி, நேரம், கருவியின் எண், அளவு எல்லாம் இருக்கிறதா? கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வாதாட உங்களிடம் மிஞ்சுவது அது ஒன்றுதான்.

குடிக்கவே இல்லை, ஆனால் கருவி காட்டுகிறது என்றால் வாயில் தங்கிய ஆல்கஹால் காரணமாக இருக்கலாம். மவுத்வாஷ், சில இருமல் மருந்துகள், ஹோமியோபதி சொட்டு மருந்து இவற்றில் ஆல்கஹால் உண்டு. அது சுமார் 15 நிமிடத்தில் வாயிலிருந்து மறைந்துவிடும். அதனால் கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது அளவு சடாரென்று இறங்கினால் முதல் அளவு ரத்தத்தைக் காட்டவில்லை என்று பொருள். கைதாகி ஸ்டேஷனுக்குப் போனால் அங்கே மறுபடி ஊதும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று 203-வது பிரிவு சொல்கிறது. ரத்தப் பரிசோதனையும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். குடிக்காதவரின் ரத்தத்தில் எத்தனை மணிக்கு எடுத்தாலும் ஒன்றும் இருக்காது.

185-இன் கீழ் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். நடக்காவிட்டால் விடுவிக்க வேண்டும். இது ஜாமீனில் விடத்தக்க குற்றமும்கூட. எனவே கைதான நேரம், டாக்டர் பார்த்த நேரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரவு குடித்துவிட்டுக் காலையில் மாட்டுகிறவர்களும் உண்டு. உடல் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 15 மில்லிகிராம் அளவைத்தான் குறைக்கும். காபியோ குளியலோ அதை வேகப்படுத்தாது. நள்ளிரவில் 150 இருந்தவருக்குக் காலை ஏழு மணிக்கும் 40-க்கு மேல் இருக்கும்.

கையில் தரும் ரசீது

லைசென்ஸை வாங்கிக்கொண்டால் அதற்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேதான் நிறைய பேர் இரண்டாவது முறை மாட்டுகிறார்கள். வேறு காரணங்களுக்காகப் பறிமுதல் செய்யும்போது தரும் ரசீதில், குறிப்பிட்ட தேதிவரை ஓட்ட அனுமதி இருக்கும். 2019 திருத்தத்தில் வந்த 206(4)-இன்படி போதை வழக்கில் தரும் ரசீதுக்கு அந்த அனுமதி இல்லை. லைசென்ஸ் திரும்பி வரும்வரை ஓட்டக் கூடாது. டிஜிலாக்கரில் காப்பி இருப்பது இதை மாற்றாது. 'தொலைந்துவிட்டது' என்று சொல்லி டூப்ளிகேட் வாங்குவது பொய் வாக்குமூலம். அடுத்த வழக்கைத் தானே வரவழைத்துக்கொள்வது.

ஆர்.டி.ஓ.விடம்

லைசென்ஸைக் காப்பாற்றும் உண்மையான இடம் இதுதான். போலீஸ் அனுப்பிய லைசென்ஸ் மீது ஆர்.டி.ஓ. நடவடிக்கை எடுக்கும் முன் உங்களிடம் விளக்கம் கேட்டாக வேண்டும். கேட்ட பிறகு 19(1ஏ) பிரிவில் அவர் முன் இரண்டே வழிகள்: உங்களை விடுவிப்பது, அல்லது விரிவான காரணங்களை எழுதி மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்வது. இரண்டாவது முறை என்றால் லைசென்ஸே ரத்து.

நோட்டீஸ் லைசென்ஸில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும். வீடு மாறி ஐந்து வருடமாகியும் முகவரி மாற்றாதவர்களுக்கு நோட்டீஸ் சேராது. பதில் வராததால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு போட்டுவிடுவார்கள். தபாலுக்காகக் காத்திருக்காதீர்கள். பிடிபட்ட ஒரு வாரத்துக்குள் ரசீது நகலுடன் அலுவலகத்துக்கு நேரில் போய், லைசென்ஸ் எந்த அலுவலகத்துக்கு வந்திருக்கிறது என்று விசாரித்து, இப்போதைய முகவரியை எழுத்தில் கொடுத்து, தபால் பிரிவில் முத்திரை வாங்குங்கள்.

விளக்கக் கடிதத்தை இரண்டு பக்கத்துக்குள் வையுங்கள். முதலில் தேதி, இடம், வண்டி எண், ரசீது எண். பிறகு இதற்கு முன் வழக்கு இல்லை என்பது. அதன்பின் சோதனையில் குறை இருந்தால் அது: அளவு 30-ஐ ஒட்டி இருந்தது, மறு சோதனை தரவில்லை, சீட்டில் விவரம் விடுபட்டது, இப்படி. கருவியை எப்போது அளவுத்திருத்தம் செய்தார்கள் என்ற சான்றிதழைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனியாகக் கேளுங்கள். இல்லாத குறையை இட்டுக்கட்டாதீர்கள். குடித்தது உண்மையானால் 'குடிக்கவே இல்லை' என்று எழுத வேண்டாம். சீட்டு ஃபைலில் இருக்கிறது, அந்த ஒரு பொய்யில் மற்ற எல்லாமே எடுபடாமல் போகும்.

பிழைப்பே வண்டியில் என்பவர்கள் அவசியம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. தகுதி நீக்கம் லைசென்ஸில் உள்ள 'எல்லா வகை வண்டிக்கும், அல்லது ஏதாவது ஒரு வகைக்கு' என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. சொந்த பைக்கில் பிடிபட்ட ஆட்டோ ஓட்டுநர், தண்டிப்பதாக இருந்தால் இரு சக்கர வாகனத்துக்கு மட்டும் போதும் என்று மாற்றுக் கோரிக்கையாக எழுதலாம். கிடைத்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் கேட்காதவருக்கு மொத்த லைசென்ஸும் போகும். பறிமுதல் செய்த நாளிலிருந்தே மூன்று மாதத்தைக் கணக்கிடவும் கேளுங்கள். பேட்ஜ் நகல், வண்டிக் கடன் தவணை அட்டை, குடும்ப அட்டை நகல்களை இணையுங்கள்.

நீதிமன்றத்தில்

இடத்திலேயே சமரசத் தொகை கட்டி முடிக்கும் குற்றங்களின் பட்டியலில் 185 இல்லை. வழக்கு மாஜிஸ்திரேட் முன் போகும். அங்கே 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்று சொல்லி அபராதம் கட்டுவது தண்டனைத் தீர்ப்புக்குச் சமம். 20(2)-இன்படி 185-இல் தண்டனை பெற்றவரை நீதிமன்றம் குறைந்தது ஆறு மாதம் தகுதி நீக்கம் செய்ய வேண்டும். ஆர்.டி.ஓ.வின் மூன்று மாதத்தோடு இதைக் குழப்பாதீர்கள். ஒப்புக்கொண்ட பிறகு ஆர்.டி.ஓ.விடம் சோதனையில் குறை என்று வாதிடுவதும் எடுபடாது. அடுத்த முறை மாட்டினால் அது இரண்டாவது குற்றமாக எண்ணப்படும்.

ஆகவே ஒப்புக்கொள்வதா, வழக்கை நடத்துவதா என்பதை ஆவணங்களைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அளவு 120, சீட்டு சரி, நேரமும் சரி என்றால் வழக்கை இழுப்பதில் பயனில்லை. ஒப்புக்கொண்டு, தகுதி நீக்கம் குறைந்தபட்ச அளவைத் தாண்டாமலிருக்கக் கேட்பதே புத்திசாலித்தனம். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் போன்றோருக்கு அது உரிமை.

உத்தரவு வந்த பின்

ஆர்.டி.ஓ.வின் உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கவரையும் பத்திரப்படுத்துங்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. உங்களை விசாரிக்காமல் போட்ட உத்தரவா, காரணம் எழுதாமல் வெறும் அச்சுப் படிவத்தை நிரப்பிய உத்தரவா என்று பாருங்கள். இந்த இரண்டும்தான் மேல்முறையீட்டில் எடுபடும் வலுவான காரணங்கள். மேல்முறையீட்டைக் கொடுத்ததுமே ஓட்டலாம் என்றில்லை. உத்தரவை நிறுத்திவைக்கத் தனி மனு போடுங்கள். தகுதி நீக்கக் காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் 182-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

மூன்று மாதம் முடிந்ததும் லைசென்ஸ் தானாக வீடு வந்து சேராது. புத்தாக்க ஓட்டுநர் பயிற்சியை முடித்தால்தான் திருப்பித் தருவார்கள். எந்தப் பயிற்சி மையம், எப்போது இடம் கிடைக்கும் என்பதைத் தகுதி நீக்கம் தொடங்கிய முதல் மாதத்திலேயே விசாரித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் மூன்று மாதம் நான்கு மாதமாகும்.