கரண்ட் போய் வரும் ஊரில் லினக்ஸ் மவுன்ட் ஆப்ஷன்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் டெல்டாவில் கரண்டை நம்பி உட்கார முடியாது. மன்னார்குடி நெல் மண்டியோ, மயிலாடுதுறை ஸ்டூடியோவோ, ஈபி போய் ஜெனரேட்டர் வருவதற்குள் ஒரு வெட்டு. திரும்ப ஈபிக்கு மாற்றும்போது இன்னொரு வெட்டு. பேட்டரி தேய்ந்த யுபிஎஸ் அந்த ஒரு விநாடியைக்கூடத் தாங்காது. டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்க லினக்ஸ் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் இயல்பான அமைப்புகள் இப்படிக் கரண்ட் போவதையும் கணக்கில் வைத்தே அமைக்கப்பட்டவை. சிக்கல் வருவது 'சிஸ்டம் வேகமாகும்' என்று எங்கோ பார்த்த ஆப்ஷன்களை எஃப்எஸ்டேப்பில், அதாவது எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் எப்படி இணைப்பது (மவுன்ட் செய்வது) என்று சொல்லும் கோப்பில், கொண்டுபோய் ஒட்டும்போதுதான்.

அதில் முதலிடம் 'பேரியர்=0', அல்லது 'நோபேரியர்'. மண்டிக் கணக்குப்பிள்ளை சிட்டையில் குறித்துக்கொண்டு பிறகு பேரேட்டில் ஏற்றுவது போலத்தான், செய்யப்போகும் மாற்றத்தைக் கோப்பு முறைமை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலும். ஆனால் ஹார்ட் டிஸ்க்குக்குள் எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வைக்கும் மெமரி, அதாவது ஒரு ரைட் கேஷ் இருக்கிறது. வந்ததை எல்லாம் அதில் வாங்கிப் போட்டுக்கொண்டு, 'எழுதிவிட்டேன்' என்று டிஸ்க் பதில் சொல்லும். பிறகு தனக்குத் தோதான வரிசையில் தட்டில் எழுதும். சிட்டை முழுதாக இறங்குவதற்கு முன்பே பேரேடு மாறி, அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனால், மறுபடி ஆன் செய்யும்போது மீட்பதற்கு நம்பகமான ஜர்னல் இருக்காது. கேஷை உடனே காலி செய்யச் சொல்லி இந்த வரிசையைக் காப்பதுதான் பேரியர். 'யுபிஎஸ் இருக்கிறதே' என்பார்கள். யுபிஎஸ் உதறினாலும், பவர் சப்ளை செத்தாலும், யாராவது பிளக்கைக் காலால் இடறினாலும் கேஷில் இருப்பது போனதுதான். பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும், பேட்டரியோடு வரும் ரெய்டு கன்ட்ரோலர் இருந்தால் கதை வேறு. ஆனால் அதில் பேரியருக்கு ஆகும் செலவே சொற்பம், அணைத்து மிச்சப்படுத்த ஒன்றுமில்லை. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையில் இந்த ஆப்ஷனையே லினக்ஸின் மையமான கெர்னலின் 4.19 பதிப்பில் தூக்கிவிட்டார்கள். நல்ல முடிவு.

அடுத்தது 'டேட்டா=ரைட்பேக்'. இயல்பில் இருப்பது 'டேட்டா=ஆர்டர்ட்': கோப்பின் உள்ளடக்கம் டிஸ்க்கில் இறங்கிய பிறகே அதைச் சுட்டும் மெட்டாடேட்டா (கோப்பின் பெயர், அளவு, இருக்கும் இடம் போன்ற குறிப்புகள்) ஜர்னலில் உறுதியாகும். ரைட்பேக்கில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. கரண்ட் போய் வந்ததும் கோப்பு முறைமையைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே 'எல்லாம் சரி' என்றே சொல்லும். கோப்பின் பெயரும் அளவும்கூடச் சரியாக இருக்கும். திறந்தால் உள்ளே முன்பு அழித்த வேறொரு கோப்பின் துண்டு கிடக்கலாம். வாடிக்கையாளரின் ஆதார் நகலை ஸ்கேன் செய்து அழிக்கும் இ-சேவை மையத்தில் இது தொலைந்த டேட்டா என்பதோடு முடிகிற விஷயமில்லை. மறுகோடியில் 'டேட்டா=ஜர்னல்': உள்ளடக்கமும் ஜர்னலுக்குப் போவதால் எல்லாம் இரண்டு முறை எழுதப்படும், டிஸ்க்கில் இடம் ஒதுக்குவதைத் தள்ளிப்போடும் டிலேயிட் அலோகேஷனும் நின்றுவிடும். சாதாரணக் கடைக் கம்ப்யூட்டருக்குத் தேவையில்லை.

இந்த 'டேட்டா=' ஆப்ஷனை ரூட் பகிர்வுக்கு (சிஸ்டமே இருக்கும் டிஸ்க் பகுதிக்கு) எஃப்எஸ்டேப்பில் எழுதுவது தனி வம்பு. பூட் ஆகும்போது கெர்னல் ரூட்டை முதலில் இயல்பான முறையில் மவுன்ட் செய்துவிடுகிறது. பிறகு எஃப்எஸ்டேப்பைப் பார்த்து ரீமவுன்ட் செய்யப்போனால், டேட்டா முறையை நடுவில் மாற்ற எக்ஸ்ட்4 விடாது. ரூட் ரீட்-ஒன்லியாகவே, படிக்க மட்டும் முடியும் நிலையில், நின்று போகும். அதைத் திருத்தலாம் என்று 'மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /' என்று அடித்தால் அந்தக் கட்டளையும் அதே தப்பு வரியைப் படித்துவிட்டு மறுக்கும். டிவைஸ் பெயரையும் சேர்த்து, டிவைஸ், மவுன்ட் இடம் இரண்டையும் கொடுத்தால் எஃப்எஸ்டேப்பைப் பார்க்காது, ரூட் திறந்துகொள்ளும். அதன் பிறகு அந்த வரியைத் திருத்துங்கள்.

ஜர்னலை எத்தனை விநாடிக்கு ஒருமுறை டிஸ்க்கில் உறுதிசெய்வது என்று சொல்லும் 'கமிட்=' மதிப்பு இயல்பில் 5 விநாடி. எஸ்எஸ்டி ஆயுள் கூடும் என்று அதை 300 ஆக்குபவர்கள் 5 நிமிட வேலையைப் பந்தயம் வைக்கிறார்கள். ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும்: 5 விநாடி என்பது மெட்டாடேட்டாவுக்குத்தான். டிலேயிட் அலோகேஷனால், எஃப்சிங்க் செய்யாத (உடனே டிஸ்க்கில் எழுதச் சொல்லாத) கோப்பின் உள்ளடக்கம் அரை நிமிடம் வரைகூட மெமரியிலேயே இருக்கலாம். எஸ்எஸ்டிக்கு நல்லது செய்ய நினைத்தால், காலியான இடத்தை உடனுக்குடன் அதற்குத் தெரிவிக்கும் 'டிஸ்கார்ட்' ஆப்ஷனும் வேண்டாம். அதே வேலையை வாரம் ஒருமுறை செய்யும் எஃப்எஸ்டிரிம் டைமர் போதும். கோப்பைப் படித்த நேரத்தைப் பதியாமல் விடும் 'நோஏடைம்' போடுவதில் தப்பில்லை, ஆனால் 2009-இல் வந்த 2.6.30 கெர்னலிலிருந்தே அந்த நேரத்தை எப்போதாவது மட்டும் பதியும் 'ரெல்ஏடைம்' இயல்பாக இருப்பதால் பெரிய லாபமும் இல்லை. அதோடு ஃபோல்டர்களுக்கு அதையே செய்யும் 'நோடிர்ஏடைம்' சேர்ப்பது வீண். நோஏடைமிலேயே அது அடக்கம்.

சேர்க்க வேண்டியதைச் சேர்க்காமல் விடுவதும் தவறுதான். 'எரர்ஸ்=ரீமவுன்ட்-ஆர்ஓ' அப்படி ஒன்று. டெபியன் லினக்ஸை நிறுவும்போது அது ரூட்டுக்கு இதைத் தானே எழுதிவிடும். பிறகு நாமாக மாட்டும் இரண்டாவது டிஸ்க்குக்கு யாரும் எழுதுவதில்லை. கணக்கும் போட்டோவும் இருப்பதோ அதில்தான். இது இல்லையென்றால், வேறு அமைப்பு செய்யாத வரை, பிழை கண்ட பிறகும் எக்ஸ்ட்4 எழுதிக்கொண்டே போகும். இருந்தால் டிஸ்க் ரீட்-ஒன்லி ஆகி நிற்கும். நின்றதும் அவசரப்பட்டு ரீமவுன்ட் செய்து வேலையைத் தொடர வேண்டாம். முதலில் கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி, டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் இரண்டையும் பாருங்கள். டிஸ்க்கே சாகிறது என்றால் உள்ளதை நகலெடுப்பதுதான் முதல் வேலை. 'ஆர்ஓ' (ரீட்-ஒன்லி) மட்டும் கொடுத்து மவுன்ட் செய்தாலும், ஜர்னலில் உள்ளதை நிறைவேற்ற டிஸ்க்கில் எழுதும் என்பதால், ஜர்னலைத் தொடாமல் விடும் நோலோடையும் சேர்த்து 'ஆர்ஓ,நோலோட்' என்று கொடுங்கள். டிஸ்க் நலமாக இருந்தால் அன்மவுன்ட் செய்துவிட்டு எஃப்எஸ்சிகே ஓட்டலாம். மவுன்ட் ஆகியிருக்கும்போது மட்டும் ஓட்டவே கூடாது.

வரி எழுதும் விதம் இப்படி:

யுயுஐடி=… /கணக்கு எக்ஸ்ட்4 நோஏடைம்,எரர்ஸ்=ரீமவுன்ட்-ஆர்ஓ,நோஃபெயில் 0 2

டிவைஸ் பெயருக்குப் பதில் யுயுஐடி (பகிர்வின் தனி அடையாளம்), ஏனென்றால் யுஎஸ்பி ஒன்று கூடுதலாகச் செருகியிருந்தால் எஸ்டிபி என்ற டிவைஸ் பெயர் எஸ்டிசி ஆகிவிடலாம். கடைசி எண் ரூட்டுக்கு 1, மற்ற எக்ஸ்ட்4 பகிர்வுகளுக்கு 2. அங்கே 0 போட்டால் பூட் சமயத்தில் எஃப்எஸ்சிகே நடக்காது. காற்புள்ளிக்குப் பின் இடம் விடக்கூடாது. விட்டால் அடுத்த ஆப்ஷனை அடுத்த பத்தியாக எடுத்துக்கொண்டு, 'பார்ஸ் எரர்' என்று சொல்லி முழு வரியையும் ஒதுக்கிவிடும். திருத்தியதும் ரீபூட் செய்து சோதிக்காமல் எஃப்எஸ்டேப்பைச் சரிபார்க்கும் 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை', பிறகு அதிலுள்ளவற்றை மவுன்ட் செய்யும் 'மவுன்ட் -ஏ' ஓட்டிப் பாருங்கள். உண்மையில் எந்த ஆப்ஷன்கள் நடப்பில் உள்ளன என்பதை /ப்ராக்/எஃப்எஸ்/எக்ஸ்ட்4 அடைவில், அந்தந்த டிவைஸ் பெயரின் கீழுள்ள 'ஆப்ஷன்ஸ்' கோப்பு முழுதாகக் காட்டும்; மவுன்ட் கட்டளை இயல்பானவற்றைக் காட்டாது.

நோஃபெயில் இல்லையென்றால், பேக்கப் டிஸ்க்கைக் கழற்றிய நாளில் கம்ப்யூட்டர் 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் நிற்கும். இருந்தால் பூட் ஆகிவிடும், ஆனால் டிஸ்க் இல்லாமலே. இரவு ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் அந்த வெற்று ஃபோல்டரில் எழுதி ரூட்டை நிரப்பிவிடும்; பேக்கப் இருப்பதாக நீங்களும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். டிஸ்க்கை அன்மவுன்ட் செய்த நிலையில் அந்த ஃபோல்டருக்கு, மாற்ற முடியாதபடி பூட்டும் 'சிஎச்ஆட்ர் +ஐ' கொடுத்துவிட்டால் டிஸ்க் மாட்டாதபோது ரூட் யூசர்கூட அதில் எழுத முடியாது. மாட்டியதும் வழக்கம்போல எழுதலாம். ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில், டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும் 'மவுன்ட்பாயின்ட் -க்யூ' சோதனையும் இருக்கட்டும்.