மலையில் பகல் என்றால் காலைதான்: சோடியாக வெளியே போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவுக்கு வசந்த காலம். பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகறி வாவியில் படகு என்று ஊரே நிரம்பி வழியும். கல்யாணமானவர்களுக்கும் கட்டிக்கொள்ளப் போகிறவர்களுக்கும் ஒரு சனி, ஞாயிறாவது வெளியே போய்வர ஆசை வரும். கட்டாயம் போங்கள். ஆனால் காலை வெயிலைப் பார்த்துவிட்டு முழு நாளையும் நம்பிவிடாதீர்கள். மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

மார்ச்சும் ஏப்ரலும் இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். வெயிலில் நிலம் சூடாகி, ஈரக்காற்று மேலே ஏறி முகிலாகத் திரண்டு, பின்னேரம் இடியும் மழையுமாகக் கொட்டும். அதனால் ஏறுவது, நடப்பது எல்லாவற்றையும் மதியத்துக்கு முன் முடித்துவிட வேண்டும். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குள் காலை 6 மணிக்கே விடுவார்கள். ஆறுதலாகச் சாப்பிட்டு, 10 மணிக்குப் போய் நின்றால், 800 மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் ‘உலக முடிவு’ என்ற மலை விளிம்பில் வெள்ளை மூட்டத்தைத்தான் பார்க்கலாம். பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சேர்த்தால் அங்கே நடக்கும் சுற்று சுமார் 9 கிலோமீற்றர். அவசரமாக ஓடி முடிக்கக்கூடிய தூரமில்லை. பொலித்தீன் உறைகளை வாசலிலேயே கழற்றி வாங்கிவிடுவார்கள், ஆகவே சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டு போங்கள்.

இடி கேட்டால் தனி மரத்தடியில் ஒதுங்குவது பெரிய ஆபத்து. கட்டடத்துக்குள் அல்லது வாகனத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரமாவது வெளியே வர வேண்டாம்.

குளிராக இருக்கிறதே, வெயில் என்ன செய்யும் என்று நினைப்பவர்களும் நிறைய. நுவரெலியா நகரமே 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. உயரம் கூடக்கூடப் புறஊதாக் கதிரும் கூடும், நம் இலங்கையோ நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். காற்று குளிர்வதால் தோல் எரிவது தெரியாது, இரவில்தான் தெரியும். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் தண்ணீரும் இருவருக்கும் தனித்தனியாக வேண்டும்.

இனி குளவி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை, தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் உயிர் இழந்தவர்களும் உண்டு. படம் எடுப்பதற்காகத் தேயிலை நிரைகளுக்குள் நுழைவதற்கு முன், அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள்: “அக்கா, இந்தப் பக்கம் கூடு இருக்கா?” எந்தப் பாறையில், எந்த மரத்தில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கடும் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போக வேண்டாம், கூட்டுக்குக் கல் எறியவோ கீழே புகை போடவோ வேண்டாம். குளவி கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காமல், முகத்தையும் தலையையும் துணியால் மூடிக்கொண்டு கட்டடத்துக்கோ வாகனத்துக்கோ ஓடுங்கள். நிறையக் கொட்டினாலும் மூச்சுத் திணறினாலும் உடனே ஆஸ்பத்திரிதான். அப்புறம், அந்தப் பெண்களைப் படம் எடுக்க விரும்பினால் முதலில் கேளுங்கள். நாள் சம்பளத்துக்கு நிறை பார்த்துக் கொழுந்து பறிக்கிறவர்கள் உங்கள் படத்துக்குப் பின்னணி இல்லை.

தண்ணீரிலும் இதே கவனம் வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்து ஓடை சட்டென்று பெருகும். தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் அந்த நொடியே கரையேற வேண்டும். அருவித் தலைப்பில் வழுக்குப் பாறையில் நின்று படம் எடுப்பதும், தெரியாத நீர்த்தேக்கத்தில் இறங்குவதும் வேண்டவே வேண்டாம். எல்ல என்ற மலையூரில் 1921இல் திறந்த ஒன்பது வளைவுப் பாலம் காட்சிப் பொருளாகத் தெரிந்தாலும் அது ரயில் ஓடும் பாதை, அதில் நின்று படம் எடுப்பதும் வேண்டாம்.

சோடியாகப் போகிறவர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. இதைத்தான் எனக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருவர் திட்டம் போடுவார், மற்றவர் விடிய 3 மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, பாத்திரம் கழுவி, பையும் கட்டுவார். பஸ்ஸில் ஏறும்போதே ஒருவருக்கு உற்சாகம், ஒருவருக்குக் களைப்பு. அதற்குமேல் மலையேற்றத்தில் திட்டம் போட்டவர் முன்னால் போய் நின்று, “இன்னும் வரவில்லையா?” என்று கூப்பிட்டால் அந்த நாள் அங்கேயே கெட்டுப்போகும். ரொட்டியை முதல் நாள் இரவு இருவரும் சேர்ந்து சுடுங்கள், அல்லது கடையில் பார்சல் கட்டுங்கள். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும், வேகமானவர் பின்னால் வரட்டும். முழங்கால் வலியோ, உயரப் பயமோ இருந்தால் வீட்டிலேயே பேசி, லிப்டன் ஆசனம் என்ற மலைக் காட்சியிடம்போல ஓட்டோ போகக்கூடிய இடமாகத் தெரிவு செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். எல்லவும் நுவரெலியாவும் ஒரே நாளில் என்றால் வளைவுப் பாதையில் வாந்திதான் மிஞ்சும்.

அட்டை கடிக்காமல் இருக்க நீளக் காலுறை போடுங்கள், காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளலாம். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் பல கடைகள் பூட்டியிருக்கும், பஸ்ஸும் குறையும். இறங்கும்போதே கண்டக்டரிடம் திரும்பிப் போகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள். அதற்கு முந்திய பஸ்ஸில் ஏறுவதாக வைத்துக்கொண்டு நடையைத் தொடங்குங்கள்.