பழைய பிக்கப்பில் உதறல்: கிராஸை மாற்றுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுபதைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் ஓர் உதறல். எண்பதில் கண்ணாடி நடுங்கி, பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிகிறது. பட்டறையில் சொன்னதும் பெரும்பாலும் வரும் பதில், "கிராஸ் போயிருக்கும், மாத்திடலாம்." கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்டின் முனையில், சாய்ந்து கொடுக்கும் கூட்டல் குறி வடிவ இணைப்புதான் கிராஸ். மாற்றுகிறார்கள், உதறல் போகவில்லை. அடுத்தது சென்டர் பேரிங், அதற்கடுத்து புரொபெல்லர் ஷாஃப்டை லேத்துக்கு அனுப்பி பேலன்ஸ். மூன்று வேலைக்கும் காசு போன பிறகும் வண்டி அப்படியே இருந்தால், காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, கோளாறு வேறு இடத்தில் இருந்திருக்கும். அல்லது பழைய கோளாறு சரியாகி, கழற்றி மாட்டிய விதத்தில் புதியது ஒன்று வந்திருக்கும். இரண்டாவது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது.

இங்கே சொல்வது பொலேரோ பிக்கப், டாடா 207 மாதிரி வண்டிகளுக்கு. முன்னால் இன்ஜின், பின் சக்கர ஓட்டம், பட்டை ஸ்பிரிங்கோடு பிணைத்த ஹவுசிங், அதாவது பின் ஆக்சில் கூடு. ஷாஃப்ட் ஒரே துண்டாகவும் இருக்கலாம், நடுவில் சென்டர் பேரிங்கோடு இரண்டு துண்டாகவும் இருக்கலாம்.

எது உதறுகிறது என்று பார்க்காமல் ஸ்பானர் எடுப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். வண்டியில் சுழலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் உண்டு. உதறல் எந்த வேகத்தோடு ஒட்டிக்கொண்டு போகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

உதறல் வரும் வேகத்தில், 60 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம், நான்காவது கியரில் ஓட்டிப் பாருங்கள். அதே 60-ல் டாப் கியருக்கு மாறுங்கள். இன்ஜின் சுற்று குறைந்துவிடும், ஷாஃப்ட்டும் சக்கரமும் அதே வேகத்தில் இருக்கும். உதறல் மாறாமல் இருந்தால் கோளாறு கியர் பாக்ஸுக்குப் பின்னால்தான். கியர் மாற்றியதும் குறைந்தாலோ வேறு வேகத்துக்கு நகர்ந்தாலோ இன்ஜின், கிளட்ச், மவுண்டிங் (இன்ஜினையும் கியர் பாக்ஸையும் தாங்கும் ரப்பர்) பக்கம் போக வேண்டும். நிற்கும் வண்டியில் அதே சுற்றுக்கு இன்ஜினை ஏற்றிப் பார்த்தால் அது உறுதியாகும்.

பிறகு, சமதளமான காலிச் சாலையில் அதே வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி உருள விடுங்கள். சாவியை அணைக்கக் கூடாது. பிரேக் பூஸ்டரும் போகும், ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். இறக்கத்தில் இந்தச் சோதனை வேண்டாம். நியூட்ரலிலும் அதே உதறல் இருந்தால் பேலன்ஸ் கோளாறு, வளைந்த ஷாஃப்ட், டயர், டிரம் இவற்றில் ஒன்று. ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் வந்து, விட்டதும் மறைந்தால் ஷாஃப்ட் கோணம், மவுண்டிங், தேய்ந்த கிராஸ், பினியன் (ஹவுசிங்குக்குள் ஷாஃப்ட் சுழற்றும் பல் தண்டு) பேரிங் என்று தேடலாம்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 215/75 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் போகிறது, அதாவது சக்கரம் நொடிக்கு ஏழரைச் சுற்று. ஹவுசிங் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் சுற்ற வேண்டிய சுற்று, 4.5 என்றால் ஷாஃப்ட் நொடிக்கு 34 சுற்று. கிராஸ் தரும் அதிர்வு ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, எனவே நொடிக்கு 68. ஏழரை என்பது கையால் எண்ணிவிடலாம் போன்ற ஆட்டம், சீட்டோடு சேர்ந்து உடம்பு குலுங்கும். 34 என்பது தரையில் கால் வைத்தால் தெரியும் நடுக்கம். 68 கிட்டத்தட்ட ரீங்காரம், காதுக்குத்தான் முதலில் எட்டும்.

உங்கள் வண்டியின் விகிதம் தெரியாவிட்டால், முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்னால் இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்படி தூக்கி ஸ்டாண்ட் கொடுத்து, கியரை நியூட்ரலில் விட்டு, இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக ஒரு சுற்று சுற்றி ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் சுற்றுவதானால், மற்றதை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு இரண்டு சுற்று சுற்ற வேண்டும்.

இப்போது மொபைல் ஆப்பிலேயே அதிர்வை அளக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. நொடிக்கு 100 முறை மட்டும் அளவெடுக்கும் ஆப், 50-க்கு மேற்பட்ட அதிர்வைச் சரியாகக் காட்டாது. கிராஸின் 68 அதில் 32 என்று திரும்பித் தெரியக்கூடும். 32-ஐப் பார்த்து ஷாஃப்ட் பேலன்ஸ்தான் என்று முடிவுகட்டி லேத்துக்குக் கிளம்பிவிடுவோம். குறைந்தது 200 முறை அளவெடுக்கும் ஆப்பாக இருக்கட்டும்.

டயரை ஒதுக்கிவிடுவது

ஷாஃப்ட்டில் கை வைப்பதற்கு முன் டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஒரு முறை ஓட்டுங்கள். அரை மணி நேர வேலை. உதறல் சீட்டிலிருந்து ஸ்டியரிங்குக்கு நகர்ந்தால் விஷயம் முடிந்தது. ரீட்ரேட் போட்ட டயரில் உள்ளே அடுக்கு பிரிந்து புடைத்திருப்பது, ரிம்முக்கு உள்பக்கம் காய்ந்த சேறு அப்பியிருப்பது, இவை இரண்டும் லோடு வண்டியில் சகஜம்.

கிளம்பும்போது வரும் உதறலைக் கிளட்ச் என்று நினைப்பது

முதல் கியரில் லோடோடு கிளம்பும்போது வண்டி கிடுகிடுவென்று ஆடினால் உடனே கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட் மாற்றுகிறார்கள். அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். கிளட்ச் உதறல், பெடல் பாதியில் இருக்கும்போது மட்டும்தான் வரும். காலை முழுக்க எடுத்த பிறகும் 25, 30 கி.மீ. வரை ஆட்டம் தொடர்ந்தால் கிளட்ச் காரணமில்லை. சென்டர் பேரிங்கைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்தோ தொய்ந்தோ இருக்கும், அல்லது லோடு இழுக்கும்போது பினியன் மூக்கு தூக்கிக் கோணம் மாறும். ரப்பரைப் பார்க்க, கம்பியால் ஷாஃப்டை மேலும் கீழும் நெம்புங்கள். கொஞ்சம் அசைவது இயல்பு. பிளவு வாயைத் திறந்தாலோ ஷாஃப்ட் பிராக்கெட்டைத் தொட்டாலோ மாற்ற வேண்டியதுதான். பழைய பேரிங்கைக் கழற்றும்போது பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வாஷரோ தகடோ இருந்தால் எந்தப் பக்கம் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். அது யாரோ மறந்து விட்டுப்போன வாஷர் அல்ல, கோணத்துக்காகக் கம்பெனி வைத்தது.

"ஆட்டம் இல்லை, கிராஸ் நல்லாருக்கு"

ஷாஃப்டை வண்டியில் வைத்தே முறுக்கிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு இது. இதில் இரண்டு பிழை. முறுக்கும்போது தெரியும் ஆட்டத்தில் பெரும்பகுதி கிரவுன்-பினியன் பல் இடைவெளி; அது இருக்கத்தான் வேண்டும். கிராஸின் ஆட்டத்தைப் பார்க்க, யோக்கின் (கிராஸைப் பிடித்திருக்கும் கவை) இரு பக்கத்துக்கும் நடுவில் கம்பியைக் கொடுத்து நெம்ப வேண்டும்.

இரண்டாவது பிழைதான் ஆளை ஏமாற்றும். கெட்டுப்போன கிராஸில் ஆட்டமே இல்லாமலும் இருக்கலாம். ஷாஃப்டைக் கழற்றிக் கீழே வைத்து, இரண்டு விரலால் யோக்கை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒரே சீரான இறுக்கத்தோடு போக வேண்டும். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுவது போலத் தெரிந்தால் அது போய்விட்டது. கப்பை (ஊசி பேரிங் இருக்கும் மூடி) கழற்றினால் கிராஸின் தண்டில் ஊசி பேரிங் அழுந்திய வரிகள், சீப்புப் பல் மாதிரி, வரிசையாகத் தெரியும். ஷாஃப்ட் கோணம் சிறியதாக இருப்பதால் ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஆடி அங்கேயே குழி பறிக்கின்றன. கழற்றாமலே தெரிந்துகொள்ள ஓர் அடையாளம் உண்டு: கப் ஓரத்தில் செங்கல் பொடி நிறத்தில் துரு கசிந்திருக்கும். கிரீஸ் வற்றி உலோகம் உலோகத்தை அரைக்கிறது என்று அர்த்தம்.

கிரீஸ் அடிப்பதிலும் ஒரு பழக்கம். நிப்பிளில் நான்கு அடி அடித்து, ஒரு பக்கம் கிரீஸ் பிதுங்கியதும் நிறுத்திவிடுவார்கள். நான்கு கப்பிலும் புதுக் கிரீஸ் வெளியே வர வேண்டும். வராத கப் காய்ந்து கிடக்கிறது. ஷாஃப்டை லேசாக ஆட்டிக்கொண்டே அடித்தால் சில சமயம் வரும். வரவே இல்லையென்றால் அந்தக் கிராஸை நம்ப வேண்டாம்.

குறி வைக்காமல் கழற்றுவது

புதிய கோளாறு பிறப்பது பெரும்பாலும் இங்கேதான். கிராஸ், சாய்வாகச் சுழலும்போது சீராகச் சுழற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். 3 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் 0.14 சதவீதம், 6 டிகிரியில் 0.55, 10 டிகிரியில் ஒன்றரை. கோணம் இரட்டித்தால் அதிர்வு நான்கு மடங்கு. பின்னால் இருக்கும் கிராஸ் எதிர்த்திசையில் இதே தவறைச் செய்து, முன்னது செய்ததை அழித்துவிடும். அது நடக்க, ஒற்றைத் துண்டு ஷாஃப்ட்டின் இரு முனை யோக்கும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஸ்ப்லைனை (ஷாஃப்ட் நீளவும் குறுகவும் விடும் பல் இணைப்பு) உருவி எடுத்து ஒரு பல் தள்ளி மாட்டினால் அந்தச் சமன்பாடு கெட்டுப்போகும். புதுக் கிராஸ் போட்ட அன்றே உதறல் கூடியது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன், ஸ்ப்லைன் சேரும் இடத்திலும், இரு ஃப்ளேஞ்சிலும் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டை முகம்), பினியன் பக்கமும் உளியால் சின்னப் புள்ளி போடுங்கள். பெயின்ட் போதாது, டீசலில் கழுவினால் போய்விடும். இரண்டு துண்டு ஷாஃப்ட்டில் யோக்குகள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கண்ணால் பார்த்து நேராக்குவது அங்கே உதவாது, பழைய குறி மட்டுமே வழிகாட்டி. ஃப்ளேஞ்ச் முகங்களில் துருவோ பெயின்டோ இருந்தால் சுரண்டுங்கள். நடுவில் ஒரு துணுக்கு சிக்கினாலும் ஷாஃப்ட் சாய்ந்து உட்காரும். போல்ட் கம்பெனியுடைய ஹை டென்சைலாகவே இருக்கட்டும்.

கிராஸைச் சுத்தியலால் அடித்து இறக்குவதும் இதோடு சேர்ந்ததுதான். அடிக்கும்போது ஓர் ஊசி சரிந்து கப்பின் அடியில் படுத்துக்கொள்ளும். கப் முழுக்க இறங்காது, லாக் (கப் வெளியே வராமல் பிடிக்கும் வளையம்) பள்ளத்தில் உட்காராது. "இன்னும் ரெண்டு அடி" என்று போட்டால் யோக்கின் காது வளையும். வைஸில் சாக்கெட் வைத்து அழுத்துங்கள். லாக் போட்டதும் யோக்கின் காதில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் கப்புகள் லாக்கோடு ஒட்டி உட்காரும், கிராஸ் இறுக்கமில்லாமல் திரும்பும். இரு பக்க லாக்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும். கனம் மாறினால் ஷாஃப்ட் மையம் விலகி, பேலன்ஸ் போய்விடும்.

கோணத்தைத் தொங்கவிட்டு அளப்பது

சேஸிஸை ஜாக்கியில் தூக்கி, ஹவுசிங் தொங்கும் நிலையில் கோணம் அளந்தால் கிடைப்பது ஓடும் வண்டியின் கோணம் அல்ல. டயர் தரையில் இருக்க வேண்டும், வண்டி பிட் மேலோ ரேம்ப் மேலோ நிற்க வேண்டும். வழக்கமாக ஏற்றும் லோடோடு ஒரு முறை, காலியாக ஒரு முறை அளக்க வேண்டும். டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் போதும்.

ஓர் உதாரணம். கியர் பாக்ஸின் வெளிவரும் தண்டு பின்பக்கம் 3 டிகிரி சரிகிறது. ஷாஃப்ட் 5.5 டிகிரி சரிகிறது. முன் கிராஸின் கோணம் 2.5. பினியனும் அதே 3 டிகிரியில், அதாவது மூக்கு சற்றுத் தூக்கி இருந்தால் பின் கிராஸும் 2.5. நல்ல அமைப்பு. இரு கோணத்துக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள், ஒவ்வொன்றும் 3-க்குள் இருக்கட்டும். பூஜ்யமும் கூடாது, அரை டிகிரியாவது இருந்தால்தான் ஊசிகள் அசையும்.

இப்போது லோடு தாங்கட்டும் என்று பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகப் போடுகிறார்கள். நம் ஊரில் இது சாதாரணம். வண்டி உயர்ந்து ஷாஃப்ட் சரிவு 8 டிகிரி ஆகிறது. இரு கிராஸும் 5 டிகிரி. சமமாகத்தான் இருக்கிறது, ஆனால் 2.5-ல் 0.1 சதவீதமாக இருந்த ஏற்ற இறக்கம் இப்போது 0.4. பினியன் சீராகச் சுழன்றாலும், நடுவில் இருக்கும் கனமான ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறைந்துகொண்டேதான் இருக்கும். காலி வண்டியில் உதறல், லோடு ஏற்றினால் அமைதி என்றால் கூடுதல் பட்டையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புதுக் கிராஸ் எத்தனை போட்டாலும் அது தீராது.

பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் சாய்வுத் தகடு வைத்து பினியனைத் திருப்புவது கடைசி வழி. அளந்த பிறகு, இரு பக்கமும் ஒரே அளவில் மட்டும். அதற்கு முன், கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் அமுங்கியிருக்கிறதா, பட்டையின் சென்டர் போல்ட் முறிந்து ஹவுசிங் ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறதா, யு போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கோணக் கோளாறுகளில் பாதி இவற்றிலேயே முடிந்துவிடும்.

பினியன் நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்குவது

ஆயில் சீல் மாற்றும்போது நடக்கும் விபத்து. பல ஹவுசிங்களில் பினியன் பேரிங்குகளுக்கு நடுவில் நசுங்கும் குழல் ஒன்று இருக்கும். நட் இறுகும் அளவுக்கு அது நசுங்கிப் பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. அளவு மீறினால் பேரிங் சூடேறிப் போகும். பயந்து நட்டைத் திருப்பித் தளர்த்தினால் குழல் பழைய நீளத்துக்குத் திரும்பாது, புதுக் குழல்தான் போட வேண்டும். கழற்றுவதற்கு முன் நட்டுக்கும் தண்டுக்கும் குறி வைத்து, பினியனைச் சுற்றுவதற்கு எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று கையால் உணர்ந்துகொள்ளுங்கள். பினியன் ஃப்ளேஞ்சை மேலும் கீழும் ஆட்டினால் துளிகூட அசையக் கூடாது.

பேலன்ஸ் என்று கிளம்புவதற்கு முன்

ஷாஃப்டைக் கழுவுங்கள். தார், காய்ந்த சேறு, கிராஸ் அருகே சுற்றிக்கொண்ட சணல் கயிறு, அடியில் அடித்த கறுப்புக் கோட்டிங் எல்லாம் எடைதான். குழாயில் நசுங்கல் இருக்கிறதா, வெல்ட் அடையாளம் மட்டும் இருந்து எடைத் தகடு இல்லாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். டயல் கேஜ் வைத்துச் சுற்றும்போது ஓட்டம் (குழாய் ஏறி இறங்கும் அளவு) அரை மி.மீ.-ஐத் தாண்டினால், தகடு ஒட்டிப் பயனில்லை. பழைய கிராஸோடு பேலன்ஸ் செய்துவிட்டுப் பிறகு புதுக் கிராஸ் போடுவதும் வீண் வேலை.

லேத் பக்கத்தில் இல்லையென்றால் ஹோஸ் கிளிப் வைத்துச் சமாளிக்கலாம். பினியன் பக்கம் குழாயைச் சுற்றிலும் நான்கு சம பாகமாகக் குறித்து, கிளிப்பின் திருகுத் தலையை ஒவ்வொரு குறியிலும் வைத்து அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். எங்கே குறைகிறதோ அங்கே இரண்டாவது கிளிப்பையும் சேர்த்து, இரண்டு தலையையும் சிறிது சிறிதாக விலக்கிப் பாருங்கள். இதை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, அடியில் படுத்துப் பார்க்க நினைக்காதீர்கள். ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டால் மறு சக்கரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும், ஓடும் ஷாஃப்ட் சட்டைக் கையைப் பிடித்தால் விடாது.