உங்கள் டிஎஸ்ஐ எந்தக் குடும்பம்? வோக்ஸ்வாகன் பெட்ரோல் எஞ்சினை அடையாளம் கண்டு பராமரிக்கும் முறை

வோக்ஸ்வாகன் காரின் பின்கதவில் "1.4 டிஎஸ்ஐ" என்று எழுதியிருந்தால், எஞ்சினின் கொள்ளளவு ஏறத்தாழ 1.4 லிட்டர் என்பதும், அதில் டர்போவும், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் செலுத்தும் டைரக்ட் இன்ஜெக்‌ஷனும் உண்டு என்பதும் தெரிகிறது. அதற்கு மேல் அந்த எழுத்துகள் நமக்கு எதையும் சொல்வதில்லை. 2005ஆம் ஆண்டு முதல் இந்தப் பெயரில் டைமிங் செயின் (வால்வுகளைப் பிஸ்டன்களின் அசைவோடு ஒத்து இயங்க வைக்கும் சங்கிலி) கொண்ட எஞ்சின் விற்பனையானது. 2012 முதல் அதே பெயரில் டைமிங் பெல்ட் கொண்ட, அடிப்படையிலிருந்தே புதிதாக வடிவமைத்த வேறோர் எஞ்சின் வந்தது. எந்த ஆயில் ஊற்றுவது, எந்த ஓசைக்குக் காது கொடுப்பது, பழைய கார் வாங்கும்போது எதைச் சோதிப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் இரண்டுக்கும் விடை வேறு. ஆகவே பராமரிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் குடும்பத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஸ்கோடா, சியாட் கார்களிலும் இதே எஞ்சின்கள்தாம் இருக்கின்றன. ஆடி கார்களில் டிஎஃப்எஸ்ஐ என்று எழுதியிருக்கும்.

இந்தக் குழுமம் தன் எஞ்சின் குடும்பங்களுக்கு ஈஏ என்று தொடங்கும் எண்களை வைத்திருக்கிறது. வடிவமைப்புப் பணிக்கான ஆணை என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் சுருக்கமே ஈஏ. டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர் அறிய வேண்டியவை நான்கு: ஈஏ111, ஈஏ113, ஈஏ211, ஈஏ888. இந்த எண்களிலிருந்து எஞ்சினின் அளவையோ வயதையோ ஊகிக்க முயல வேண்டாம். 888 என்ற எண்ணைத் தாங்கிய எஞ்சின் 211ஐ விட மூத்தது.

முதலில் குடும்பத்தைக் கண்டறிதல்

வண்டியின் பதிவு ஆவணத்தை எடுத்து, கொள்ளளவு என்ற இடத்தில் உள்ள எண்ணைக் கடைசி இலக்கம் வரை பாருங்கள். 1390 சிசி என்றிருந்தால் அது ஈஏ111. 1395 என்றிருந்தால் ஈஏ211. ஐந்து சிசி வேறுபாடு அற்பமாகத் தோன்றினாலும் அதற்குப் பின்னால் முழு மறுவடிவமைப்பு இருக்கிறது. பழையதில் சிலிண்டர் விட்டம் 76.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 75.6; புதியதில் விட்டம் 74.5 ஆகக் குறைந்து ஸ்ட்ரோக் 80 ஆக நீண்டது. 1498 சிசி டிஎஸ்ஐயும், மூன்று சிலிண்டர் கொண்ட 999 சிசி டிஎஸ்ஐயும் ஈஏ211 குடும்பத்தவை. 1798 சிசி என்றால் ஈஏ888.

இரண்டு இடங்களில் மட்டும் இந்த வழி கைகொடுக்காது. 1.2 டிஎஸ்ஐ இரு குடும்பங்களிலும் 1197 சிசிதான். 2.0 லிட்டர் எஞ்சினும் ஈஏ113, ஈஏ888 இரண்டிலும் 1984 சிசியாகவே இருக்கிறது. அப்போது எஞ்சின் குறியீட்டைத் தேட வேண்டும்.

டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைக் காகித ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சர்வீஸ் புத்தகத்தின் தொடக்கத்திலும் அதன் நகல் இருக்கும். மேலே சேஸிஸ் எண், அதன் கீழே மாடல், கிலோவாட்டில் எஞ்சின் திறன், அடுத்து எஞ்சின் குறியீடும் கியர்பாக்ஸ் குறியீடும், பிறகு பெயின்ட் எண், அதற்கும் கீழே வரிசை வரிசையாக மூன்றெழுத்து உபகரணக் குறிகள் என்று அது அமைந்திருக்கும். மூன்று அல்லது நான்கு எழுத்துகள் கொண்ட எஞ்சின் குறியீடுதான் நமக்கு வேண்டியது. சிஏஎக்ஸ்ஏ என்றால் 122 குதிரைத்திறன் கொண்ட ஈஏ111. சிஇசட்சிஏ என்றால் 125 குதிரைத்திறன் கொண்ட ஈஏ211. 1.2 லிட்டரில் சிபிஇசட்பி பழைய செயின் எஞ்சினையும், சிஜேஇசட்ஏ புதிய பெல்ட் எஞ்சினையும் குறிக்கும். இரண்டும் 105 குதிரைத்திறன் என்பதால் திறனை வைத்தும் பிரிக்க முடியாது. இதே குறியீடு எஞ்சின் பிளாக்கிலும் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய கார் வாங்குபவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒத்துப்போகவில்லை என்றால் அந்த எஞ்சின் அந்த வண்டியோடு பிறந்ததன்று.

பானெட்டைத் திறந்தும் ஓரளவு சொல்லிவிடலாம். ஈஏ111 டிஎஸ்ஐயில் எக்ஸாஸ்ட்டும் டர்போவும் ரேடியேட்டர் பக்கம் இருக்கும். ஈஏ211இல் சிலிண்டர் ஹெட்டைத் திருப்பி வைத்து, எக்ஸாஸ்ட்டைப் பின்பக்கம், அதாவது கேபின் சுவரை நோக்கி அமைத்தார்கள். எஞ்சினும் 12 டிகிரி பின்புறம் சாய்ந்திருக்கும்.

ஈஏ111: காலை முதல் ஸ்டார்ட்டில் காது வையுங்கள்

2005இல் கோல்ஃப் ஜிடியில் வந்த 1.4 டிஎஸ்ஐ, சூப்பர்சார்ஜர், டர்போ இரண்டையும் சேர்த்து 1390 சிசியிலிருந்து 170 குதிரைத்திறன் எடுத்தது. பொறியியலாக அது ஒரு சாகசம்தான். ஆனால் அன்றாடம் ஓட்டுபவருக்கு இந்தக் குடும்பத்தின் கவலை டைமிங் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருமே. செயின் காலப்போக்கில் நீள்கிறது. டென்ஷனரோ ஆயில் அழுத்தத்தை நம்பி இயங்குவது. எஞ்சின் நின்று ஆயில் வடிந்த பிறகு அதன் பிடி தளர்கிறது.

சோதிக்கும் முறை எளிது. வண்டி இரவு முழுவதும் நின்றிருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் செயின் கவர் உள்ள முனையில் நில்லுங்கள். முதல் இரண்டு மூன்று விநாடிகளுக்குச் சங்கிலியைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போன்ற கடகடப்பு எழுந்து, ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்கினால், செயின் தொகுதியை மாற்றும் வேளை வந்துவிட்டது. விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இந்த ஓசை கேட்காது. ஆகவே கையைப் பானெட்டின் மேல் வைத்துப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். ஸ்கேனரில் பி0016 என்ற பிழை, அதாவது கிராங்க்கும் கேம்ஷாஃப்ட்டும் ஒத்துப்போகவில்லை என்ற செய்தி, வந்துவிட்டால் அதற்குப் பிறகு வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டாம். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதக்கூடும். அப்போது செலவு செயினோடு நிற்பதில்லை.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சரிவில் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள். வண்டியின் எடை எஞ்சினைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கும். ஆயில் அழுத்தம் இல்லாத டென்ஷனர் உள்ளே அமுங்க, செயின் தளர்ந்து பல் தாண்டக்கூடும். பிரேக்கை மிதித்தபடி முதலில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியின் எடை அதன் மேல் அமர்ந்த பிறகு கியரைப் போட வேண்டும். இதே காரணத்துக்காகத் தள்ளி ஸ்டார்ட் செய்வதையும் தவிர்க்கலாம்.

ஈஏ113

2004இல் கோல்ஃப் ஜிடிஐ காரில் 200 குதிரைத்திறனோடு வந்த 2.0 டிஎஃப்எஸ்ஐ இந்தக் குடும்பம். ஏஎக்ஸ்எக்ஸ், பிடபிள்யூஏ என்பன அதன் குறியீடுகளில் இரண்டு. இதில் கேம்ஷாஃப்ட்டை ஓட்டுவது பெல்ட். பார்க்க வேண்டியது ஒரே பொருள்: உயர் அழுத்த எரிபொருள் பம்புக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும் நடுவில் உள்ள சிறு கிண்ணம் போன்ற கேம் ஃபாலோவர். எஞ்சின் குளிர்ந்த நிலையில், எரிபொருள் அழுத்தத்தை முறைப்படி வெளியேற்றிய பின், பம்பின் மூன்று ஸ்க்ரூக்களைக் கழற்றினால் அது கைக்கு வந்துவிடும். அடிப்பகுதி கறுப்பாக இருந்தால் நலம். நடுவில் வெள்ளி வட்டம் தெரிந்தால் மேற்பூச்சு போய்விட்டது; உடனே மாற்றுங்கள். அதையும் விட்டால் கிண்ணத்தில் துளை விழுந்து, பம்பின் தண்டு நேராகக் கேம்ஷாஃப்ட்டையே அரைக்கத் தொடங்கும். ஃபாலோவரின் விலையையும் கேம்ஷாஃப்ட்டின் விலையையும் ஒப்பிட்டவர் எவரும் இந்தச் சோதனையைத் தள்ளிப் போடுவதில்லை.

ஈஏ211: பெல்ட், பம்ப், பாதி சிலிண்டர்

செயினால் பட்ட பாடு போதும் என்று நினைத்தார்களோ என்னவோ, இந்தக் குடும்பத்தில் பெல்ட் வந்தது. வார்ப்பிரும்பு பிளாக்குக்குப் பதிலாக அலுமினியம் வந்ததால் 1.4 டிஎஸ்ஐ, முன்னோடியைவிட 22 கிலோ எடை குறைந்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே அடங்கி, அதைச் சுற்றிக் கூலன்ட் ஓடுவதால் எஞ்சின் விரைவில் சூடாகிறது. நான் ஒருவருக்குப் பழைய 1.4 டிஎஸ்ஐ பரிந்துரைப்பதானால், தயக்கமின்றி இதைத்தான் சொல்வேன்.

டைமிங் பெல்ட்டின் மாற்றுக் காலம் நாட்டுக்கு நாடும் ஆண்டுக்கு ஆண்டும் வேறுபடுவதால், இணையத்தில் யாரோ சொன்ன எண்ணை நம்பாமல், உங்கள் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வண்டிக்குரிய சர்வீஸ் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். பெல்ட் வேலைக்குக் கொடுக்கும்போது ஒன்றை நினைவூட்ட வேண்டும்: கூலன்ட் பம்பை ஓட்டுவது இந்தப் பெல்ட் அன்று. எஞ்சினின் மறுமுனையில், கியர்பாக்ஸ் பக்கத்தில், கேம்ஷாஃப்ட்டிலிருந்து பம்புக்கு ஒரு சின்னப் பற்பெல்ட் தனியே ஓடுகிறது. பெரிய பெல்ட்டை மாற்றிவிட்டுச் சின்னதை மறந்துபோவது வொர்க்‌ஷாப்களில் நடப்பதுதான்.

ஏசிடி என்ற வசதி உள்ள வண்டிகளில், சுமை குறைவாக இருக்கும்போது 1,400 முதல் 4,000 ஆர்பிஎம் வரையிலான வேகத்தில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் ஓய்வெடுக்கும். டாஷ்போர்டில் இரண்டு சிலிண்டர் இயக்கம் என்ற செய்தி வருவதைப் பழுது என்று எண்ணி மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். 1.5 லிட்டரின் 130 குதிரைத்திறன் வகையில் இன்டேக் வால்வை முன்கூட்டியே மூடும் மில்லர் முறையும், 12.5:1 என்ற உயர்ந்த அமுக்க விகிதமும் இருக்கின்றன.

ஈஏ888: தலைமுறையையும் கேளுங்கள்

இது வலுவான குடும்பம். வார்ப்பிரும்பு பிளாக், 82.5 மில்லிமீட்டர் விட்டம், அதிர்வைக் குறைக்க இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்கள், கேம்ஷாஃப்ட்டையும் பேலன்ஸ் ஷாஃப்ட்களையும் ஓட்டச் செயின். குடும்பப் பெயர் மட்டும் இங்கே போதாது. முதல் இரு தலைமுறைகளில் செயின் டென்ஷனர் பலவீனமானது. பின்னர் திருத்திய பாகம் வந்தது. டைமிங் கவரில் உள்ள ரப்பர் மூடியை எடுத்துச் சிறு கண்ணாடியை வைத்துப் பார்த்தால், டென்ஷனர் தண்டின் பள்ளங்கள் எத்தனை வெளியே தெரிகின்றன என்பது தெரியும்; தண்டு வெளியே வர வர, செயின் நீண்டுவிட்டது என்று பொருள்.

இரண்டாம் தலைமுறைக்கு ஆயில் குடிக்கும் பழக்கம் உண்டு. பிஸ்டனின் ஆயில் ரிங்குகளில் கரி அடைத்துக்கொள்வதே காரணம். சந்தேகம் இருந்தால் இப்படி அளந்து பாருங்கள்: சமதளத்தில், சூடான எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கின் மேல்கோடு வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, 1,000 கிலோமீட்டர் ஓட்டிய பின் அதே இடத்தில் அதே முறையில் மீண்டும் பார்த்து, மேல்கோட்டுக்கு வர எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளவுக் குடுவையில் கணக்கிடுங்கள். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று கையேடு சொல்லும். என்னைக் கேட்டால், அந்த அளவை எட்டிய எஞ்சினுக்கு அடுத்த செலவு நெருங்கிவிட்டது.

மூன்றாம் தலைமுறையில் இந்தக் குறைகள் பெரும்பாலும் தீர்ந்தன. 2013இன் கோல்ஃப் ஜிடிஐ காரில் இருக்கும் சிஹெச்ஹெச்பி இதைச் சேர்ந்தது. இதில் பார்க்க வேண்டியது பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒன்றாக அமைந்த பிளாஸ்டிக் கூலன்ட் தொகுதி. இன்டேக் மேனிஃபோல்டின் அடியில் இளஞ்சிவப்புக் கறை காய்ந்திருந்தாலோ, ஓட்டி நிறுத்தியபின் இனிப்பு வாடை வந்தாலோ அது கசிகிறது.

ஆயிலும் கரியும்

ஆயில் டப்பாவின் முன்பக்கத்தில் உள்ள 5டபிள்யூ-30 போன்ற எண்ணைவிட, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள வோக்ஸ்வாகன் தர எண்தான் முக்கியம். பழைய எஞ்சின்களுக்கு 502 00 அல்லது 504 00. அண்மைக்கால எஞ்சின்கள் பலவற்றுக்கு 508 00. பச்சைச் சாயல் கொண்ட இந்த 508 00 மிக மெல்லிய 0டபிள்யூ-20 ஆயில். புதியது என்பதற்காக அதைப் பழைய எஞ்சினில் ஊற்றக் கூடாது. நீண்ட இடைவெளித் திட்டத்தில் 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டு வரை ஆயிலை விடலாம் என்று இருந்தாலும், 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்ற நிலையான திட்டத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். செயின் எஞ்சின்களுக்கு அதையும்கூடக் குறைக்கலாம். உயர்ந்த கியரில் மிகக் குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிப்பதும் இந்தச் சிறிய டர்போ எஞ்சின்களுக்கு ஆகாது. ஸ்பார்க் வருமுன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனைத் தாக்கும்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போவதால், இன்டேக் வால்வின் பின்புறத்தைக் கழுவ எதுவும் இல்லை. ஆயில் ஆவி அங்கே படிந்து கெட்டிக் கரியாகிறது. குளிர்ந்த எஞ்சின் ஐடிலில் தடுமாறுவதும், இழுவை மெல்லக் குறைவதும் அதன் அறிகுறிகள். மூன்றாம் தலைமுறை ஈஏ888இன் ஐரோப்பிய வகைகள் சிலவற்றில் இன்டேக் வழியிலும் ஒரு இன்ஜெக்டர் இருப்பதால் அங்கு மட்டும் இது குறைவு. பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர் இந்த வால்வைத் தொடுவதே இல்லை. அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துத் துப்புரவு செய்வதே பயன் தரும். அதைச் செய்பவர் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிராங்க்கைத் திருப்பி, அதன் இன்டேக் வால்வுகள் முழுமையாக மூடியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே தூளை அடிக்கிறாரா என்பதைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். திறந்த வால்வின் வழியே தூள் உள்ளே போனால் அதை எடுப்பது பெரிய வேலை.