கேன்சர் ஆபரேஷனுக்கு சரியான சர்ஜன எப்படி தேடுறது? முதல்முறையா தேடுறவங்களுக்கு

வீட்ல ஒருத்தருக்கு கட்டி, ஸ்கேன்ல சந்தேகமா போட்டிருக்காங்கன்னதும் சொந்தக்காரங்க எல்லாரும் சொல்றது "சீக்கிரம் எடுத்துப் போட்டுடுங்க"ன்னுதான், பக்கத்து நர்சிங் ஹோம்ல நாளைக்கே தியேட்டர் இருக்குன்னா மனசும் சரின்னு சொல்லிடும். அங்க கொஞ்சம் நில்லுங்க. கேன்சர்ல முதல் ஆபரேஷன் ரொம்ப முக்கியம். கட்டிய பாதி எடுத்து மீதிய விட்டுட்டா, அடுத்து பார்க்கிற டாக்டருக்கு எது கட்டி, எது தையல் போட்ட தழும்புன்னு பிரிக்கிறதே கஷ்டம், அதனால கத்தி படுறதுக்கு முன்னாடியே சரியான ஆள்கிட்ட போயிடணும்.

ஸ்டெப் 1: பயாப்ஸி

பெரும்பாலும் ஊசி பயாப்ஸி எடுத்து என்ன கேன்சர்னு தெரிஞ்சுகிட்ட பிறகுதான் ஆபரேஷன். மார்புல கட்டின்னா அதை முழுசா வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டியதில்ல, ஊசியில சின்னத் துண்டு எடுத்தாலே போதும். ஓவரி, விதைப்பை மாதிரி சில இடங்கள்ல மட்டும் ஊசி குத்தாம நேரா ஆபரேஷனுக்குப் போவாங்க, அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும். ரிப்போர்ட் பேப்பரோட நிக்காம லேப்ல அந்தத் துண்டை வச்சிருக்கிற கண்ணாடி ஸ்லைடும் மெழுகு ப்ளாக்கும் கேட்டு வாங்கி வைங்க, பெரிய ஆஸ்பத்திரியில அவங்களே மறுபடி பார்த்துதான் சிகிச்சைய ஆரம்பிப்பாங்க. ஸ்கேன் சிடி, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கட்டும்.

ஸ்டெப் 2: டாக்டரோட படிப்பு

போர்டுல "கேன்சர் ஸ்பெஷலிஸ்ட்"னு இருந்தா மட்டும் போதாது. கீமோ கொடுக்கிறவர் மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட், கரண்ட் வைக்கிறதுன்னு நம்ம ஊர்ல சொல்ற ரேடியேஷனுக்கு ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட், வெட்டி எடுக்கிறவர் சர்ஜிக்கல் ஆன்காலஜிஸ்ட். எம்.எஸ் முடிச்ச பிறகு 3 வருஷம் எம்.சிஎச் சர்ஜிக்கல் ஆன்காலஜி, இல்ல அதுக்குச் சமமான டிஆர்என்பி பட்டம் அதே பாடத்துல படிச்சிருக்காரான்னு பாருங்க. மூளைன்னா நியூரோ சர்ஜன், கிட்னி, ப்ராஸ்டேட்னா யூராலஜிஸ்ட் பண்றது சகஜம். தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் வெப்சைட்ல டாக்டரோட பதிவையும் பார்த்துக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை.

ஸ்டெப் 3: எங்க போறது

சென்னையில 1954ல முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்ச அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் இருக்கு. அரசு பக்கம் காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா கேன்சர் ஆஸ்பத்திரி, ராயப்பேட்டை ஜி.எச், மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி. வேலூர் சி.எம்.சி, புதுச்சேரி ஜிப்மர், கன்னியாகுமரி பக்கத்து ஆளுங்களுக்கு திருவனந்தபுரம் ஆர்.சி.சியும் (ரீஜினல் கேன்சர் சென்டர்) உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா உங்களுக்குத் தேவையான ஆபரேஷன் அந்த ஆஸ்பத்திரியில கவராகுதான்னு 1800 425 3993க்கு போன் பண்ணிக் கேளுங்க, அங்கேயே இருக்கிற காப்பீட்டு கவுண்டர்லயும் கேட்டுடுங்க. அரசு ஆஸ்பத்திரின்னா தயங்காதீங்க, கூட்டம் இருக்கும், காத்திருக்கணும், ஆனா தினமும் கேன்சர் ஆபரேஷன் பண்ற கை அங்க இருக்கு.

ஸ்டெப் 4: சர்ஜன்கிட்ட கேக்க வேண்டியது

இதுக்குத்தான் நிறைய பேர் பயப்படுறாங்க, டாக்டர் கோவிச்சுக்குவாரோன்னு. நல்ல சர்ஜன் கோவிச்சுக்க மாட்டார். பேப்பர்ல எழுதிட்டுப் போங்க.

முதல் கேள்வி, "டாக்டர், இதே ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க?" கணையம், உணவுக்குழாய் மாதிரி பெரிய ஆபரேஷன்ல இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி, அடிக்கடி பண்ற இடத்துல ரிசல்ட் நல்லா இருக்கும், பின்னாடி வர்ற சிக்கலையும் சீக்கிரம் கண்டுபிடிச்சிடுவாங்க.

அடுத்து, "எங்க கேஸ டியூமர் போர்டுல வச்சுப் பேசினீங்களா?" சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர், பயாப்ஸி துண்டைப் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கிற பேத்தாலஜிஸ்ட், ஸ்கேன் பார்க்கிறவர் எல்லாரும் உக்காந்து முடிவு பண்ற மீட்டிங் அது. மலக்குடல் கேன்சர்ல பல பேருக்கு ரேடியேஷனும் கீமோவும் முதல்ல கொடுத்து கட்டிய சுருக்கிட்டு அப்புறம்தான் ஆபரேஷன், மார்புலயும் சில பேருக்கு முதல்ல கீமோ கொடுத்தா மார்ப முழுசா எடுக்காம காப்பாத்த முடியும். இந்த வரிசை மாறினா பின்னாடி சரி பண்றது கஷ்டம், அதனாலதான் இந்தக் கேள்விய விடவே விடாதீங்கன்னு சொல்றேன்.

வாய் கேன்சர்னா தாடை, நாக்கு எடுத்த இடத்த எப்படி சரி பண்ணுவீங்க, பிளாஸ்டிக் சர்ஜன் கூட இருப்பாரா, பேச்சு, சாப்பாடு எப்படி இருக்கும்னு கேளுங்க. குடல்னா மலம் போறதுக்கு வயித்துல பை வைக்கணுமா, வச்சா நிரந்தரமாவான்னு கேளுங்க. ஆபரேஷன் பண்றது நீங்களேதானா, மொத்த செலவு எவ்வளவுங்கிறதும் லிஸ்ட்ல இருக்கட்டும்.

ஸ்டெப் 5: செகண்ட் ஒப்பீனியன்

ஃபைலோட இன்னொரு சென்டருக்குப் போய்க் கேளுங்க. பெரும்பாலான கட்டிகள்ல அதுக்காக ஒண்ணு ரெண்டு வாரம் போறதால பாதிப்பு இல்ல, எவ்வளவு நாள் தாங்கும்னு முதல் டாக்டரையே கேட்டுக்குங்க. ஆனா குடல் அடைச்சு வாந்தி, நிக்காத ரத்தப்போக்கு, மூச்சுத் திணறல் இருந்தா இதெல்லாம் யோசிக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

ஆபரேஷன் முடிஞ்சு வர்ற பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்க. வெட்டி எடுத்த துண்டோட ஓரத்துல கேன்சர் செல் இருக்கா, எத்தனை நெறிகட்டி (லிம்ஃப் நோட்) எடுத்தாங்க, அதுல எத்தனையில பரவியிருக்குன்னு அதுல இருக்கும், பெருங்குடல் கேன்சர்னா குறைஞ்சது 12 நெறிகட்டி எடுத்துப் பார்த்திருக்கணும். அடுத்து கீமோ வேணுமா வேணாமாங்கிறத இத வச்சுதான் முடிவு பண்ணுவாங்க.