ஆபீஸ் பிரசன்டேஷன்: நம் பேச்சை நாமே அளந்து திருத்துவது எப்படி?

பிரசன்டேஷன் முடிந்ததும் பக்கத்து சீட்டில் "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். அதை வைத்து எதையும் திருத்த முடியாது. எண்ணிப் பார்க்கக்கூடிய விஷயங்கள் வேண்டும். அவற்றை எப்படி எடுப்பது, எடுத்த பிறகு எதை முதலில் சரிசெய்வது என்பதுதான் இந்தப் பதிவு. ஸ்லைடு போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு போன், ஒரு தாள், அடுத்து நீங்கள் நிஜமாகவே பேசப்போகும் ஒரு பிரசன்டேஷன், இவை போதும்.

படி 1: பதிவு செய்யுங்கள்

போனைக் கேட்பவர் உட்காரும் இடத்தில், உங்கள் முழு உருவமும் திரையும் தெரியும்படி வையுங்கள். லேப்டாப் கேமராவில் முகம் மட்டும்தான் விழும். திரைப்பக்கம் திரும்பி நின்று பேசுவது அதில் தெரியாது. ஒத்திகையை விட நிஜ மீட்டிங்கின் பதிவு பல மடங்கு உதவும், ஏனென்றால் ஒத்திகையில் யாரும் குறுக்கே கேள்வி கேட்பதில்லை. அறையில் இருப்பவர்களின் சம்மதத்தை முன்பே வாங்கிவிடுங்கள். பத்து நிமிடப் பதிவு தாராளம்.

படி 2: மூன்று முறை பாருங்கள்

முதல் தடவை சும்மா பாருங்கள், எதையும் குறிக்க வேண்டாம். பேசும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இருக்காது. அதனால்தான் "என் குரலா இது?" என்று தோன்றுகிறது. பலர் இந்த இடத்திலேயே வீடியோவை மூடிவிடுகிறார்கள். மற்றவர்கள் தினமும் கேட்பது அந்தக் குரலைத்தான், அதில் குறை ஒன்றுமில்லை.

இரண்டாம் தடவை திரையைக் கவிழ்த்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். வாக்கியத்தின் கடைசியில் குரல் இறங்குகிறதா என்று கவனியுங்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. "இந்த மாசத்துக்குள்ள முடிக்க முடிய..." என்று குரல் தேய்ந்தால், முடியுமா முடியாதா என்பதே பின்வரிசைக்குப் போய்ச் சேராது. மூச்சு தீர்ந்துபோவதுதான் பெரும்பாலும் காரணம். வாக்கியத்தை இரண்டாக உடைத்தால் சரியாகிவிடும்.

மூன்றாம் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் எத்தனை வினாடி திரையைப் பார்த்து நிற்கிறீர்கள் என்று எண்ணுங்கள். அதிகமாக வந்தால் ஸ்லைடில் எழுத்து அதிகம் என்று அர்த்தம். உடம்பைத் திருத்துவதற்கு முன் ஸ்லைடைக் குறையுங்கள்.

படி 3: முதல் ஒரு நிமிடத்தை எழுத்தில் இறக்குங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிவிடும் படி இதுதான். பலன் அதிகமும் இதில்தான். முதல் அறுபது வினாடியில் வாயிலிருந்து வந்ததை ஒரு சொல் விடாமல் கையால் எழுதுங்கள். பேச்சை எழுத்தாக்கும் செயலியை இதற்கு நம்ப வேண்டாம். அவற்றில் பல, "ம்ம்", "ஆ" போன்றவற்றைத் தாமாகவே நீக்கிவிடுகின்றன. நமக்கு வேண்டியதே அவைதான்.

எழுதியது கிட்டத்தட்ட இப்படி இருக்கும் (சப்போர்ட் டிக்கெட் என்பது உதவி கேட்டு வரும் ஒரு கோரிக்கையின் பதிவு):

"எல்லாருக்கும் வணக்கம்... ஸோ, இன்னைக்கு வந்து, நாம வந்து, போன குவார்ட்டரோட சப்போர்ட் டிக்கெட்ஸ் பத்தி, ஆக்சுவலா ஒரு சின்ன ஓவர்வியூ மாதிரி பார்க்கப்போறோம், ஓகேவா, அதுக்கு முன்னாடி அஜெண்டா..."

ஒரு நிமிடம் போய்விட்டது, விஷயம் இன்னும் வரவில்லை. இப்போது இதையே மாற்றி எழுதுங்கள்:

"போன குவார்ட்டர்ல ஒரு டிக்கெட்டை முடிக்க சராசரியா 9 மணி நேரம் ஆச்சு. இப்போ 14 ஆகுது. ராத்திரி ஷிப்ட்ல ஆள் குறைஞ்சதுதான் காரணம். ரெண்டு பேரைச் சேர்க்க இன்னைக்கு உங்க ஒப்புதல் வேணும்."

என்ன ஆனது, ஏன் ஆனது, உங்களிடம் என்ன வேண்டும்: மூன்றும் இருபது வினாடிக்குள் வந்துவிட்டன. அஜெண்டா ஸ்லைடு பெரும்பாலான ஆபீஸ் பிரசன்டேஷனுக்குத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

"வந்து", "அதாவது", "பேசிக்கலி" எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். அவை எங்கே கூட்டமாக வருகின்றன என்று பாருங்கள். அநேகமாக ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடமாக இருக்கும். அடுத்து என்ன சொல்வது என்று மனம் தேடும்போது வாய் சும்மா இருக்காமல் எதையோ போட்டு நிரப்புகிறது. எனவே "வந்து சொல்லக்கூடாது" என்று உறுதி எடுப்பதால் பயனில்லை. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் முதல் வாக்கியத்தை மட்டும் முன்பே முடிவு செய்து, அதைச் சொல்லத் தொடங்கிய பிறகு பட்டனை அழுத்துங்கள்.

மேடைப் பேச்சைப் பழகுவதற்காக 1924இல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் இத்தகைய சொற்களை எண்ணுவதற்கென்றே ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவருக்குப் பொறுப்பு கொடுப்பார்கள். ஆபீஸில் நம்பிக்கையான ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுக்கலாம்.

படி 4: ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

தாளில் குறிக்க வேண்டியவை: முக்கிய விஷயம் எத்தனையாவது வினாடியில் வந்தது, கொடுத்த நேரத்தில் முடித்தீர்களா, நிமிடத்துக்கு எத்தனை நிரப்புச் சொற்கள், கேள்வி வந்தபின் நேரடிப் பதில் வர எவ்வளவு நேரம் ஆனது. திருத்துவதையும் இதே வரிசையில் வையுங்கள். ஒரு பிரசன்டேஷனுக்கு ஒன்று போதும். நான்கையும் ஒன்றாகத் திருத்தப் போனால், பேசும்போது கவனம் முழுவதும் உங்கள் மேலேயே இருக்கும், கேட்பவர் மறந்துபோவார்.

படி 5: ஒத்திகை

வாய்விட்டு, நின்றுகொண்டு, ஸ்லைடை மாற்றும் கிளிக்கரோடு. மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் நேரக் கணக்கு தப்பும். தடுமாறும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்கினால் தொடக்கம் மட்டும் மெருகேறும், முடிவு பச்சையாகவே நிற்கும். கடைசி இரண்டு ஸ்லைடிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். 20 நிமிடம் கொடுத்திருந்தால் பேச்சு 14 நிமிடத்தில் முடியட்டும், மீதி கேள்விகளுக்கு.

பவர்பாயிண்டில் 'ரிஹர்ஸ் டைமிங்ஸ்' ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஆன நேரத்தைக் காட்டும். ஆனால் முடிவில் நேரங்களைச் சேமிக்கவா என்று கேட்கும்போது 'எஸ்' கொடுத்தால், நிஜ மீட்டிங்கில் ஸ்லைடுகள் தாமாகவே நகரத் தொடங்கும். நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டு 'நோ' கொடுங்கள். ஏற்கெனவே சேமித்துவிட்டால், 'ஸ்லைடு ஷோ' தாவலில் 'யூஸ் டைமிங்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

மீட்டிங்கில் உங்களுக்குக் கொடுத்த நேரத்தைத் திடீரென்று பாதியாகக் குறைத்துவிட்டால் ஸ்லைடுகளை வேகவேகமாகத் தள்ள வேண்டாம். ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேரே அங்கே போகும். விவாதம் நடக்கும்போது 'B' விசையை அழுத்தினால் திரை கறுப்பாகும், கண்கள் உங்கள் பக்கம் திரும்பும்.

படி 6: சரியான கேள்வி கேளுங்கள்

அன்றைக்கே இரண்டு பேரிடம்: "நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்?", "எந்த இடத்துல புரியாம போச்சு?" முதல் கேள்விக்கு இருவரும் வேறுவேறு பதில் சொன்னால் படி 3க்குத் திரும்புங்கள்.

பிற்சேர்க்கை: அடிக்கடி கேட்கப்படும் இரண்டு

ஒரே மானிட்டரில் ஆன்லைன் மீட்டிங் என்றால், பவர்பாயிண்டின் 'செட் அப் ஸ்லைடு ஷோ'வில் 'பிரௌஸ்டு பை அன் இண்டிவிஜுவல்' தேர்ந்தெடுங்கள். ஸ்லைடுகள் ஒரு சாளரத்துக்குள் ஓடும். அந்தச் சாளரத்தை மட்டும் பகிர்ந்தால் குறிப்புகளை வேறு சாளரத்தில் வைத்துக்கொள்ளலாம். கேமராவுக்கு நேர் கீழே வையுங்கள், கண் அதிகம் அலையாது.

கை நடுங்குபவர்கள் லேசர் பாயிண்டரையும் மெல்லிய தாளையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டுமே சிறு நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். கெட்டியான அட்டையில் குறிப்பு எழுதுங்கள். ஸ்லைடில் சுட்ட வேண்டிய இடத்துக்கு முன்பே ஒரு வட்டம் போட்டு வைத்துவிடுங்கள்.